லீவு போட்ட அன்று என் சீட்டில் இருந்தது யார்?

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை, நான் லீவு போட்டேன்.

'இதெல்லாம் ஒரு விஷயமா?' என்று கேட்பவர்கள் என் வாராந்திரப் பத்திக்குப் புதியவர்கள். பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஏழு வருஷமாக நான் லீவே எடுத்ததில்லை. அதை இந்தப் பக்கத்திலேயே மூன்று தடவையாவது பீற்றிக்கொண்டிருக்கிறேன். ஜுரத்தோடு ஆபீஸ் போய் மேஜை மேல் மயங்கி விழுந்ததைக்கூட ஏதோ பரிசு வாங்கின மாதிரி எழுதியவன் நான்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம்: அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி. அதில் டைம் ஆபீஸ். அதில் நான். தொழிலாளிகளின் லீவு லெட்டரை வாங்கிப் பார்த்து, கொடுக்கலாமா கூடாதா என்று தீர்மானிப்பது என் வேலை. ஆமாம் சார், வாரா வாரம் உங்களோடு சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற இதே ஆள்தான்.

என் அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. கம்பி வலை அடித்து, கீழே கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. லீவு கேட்கிறவர்கள் குனிந்து அந்த ஓட்டை வழியாகத்தான் பேச வேண்டும். நான் நிமிர்ந்து பார்க்கிற வழக்கமில்லை. "நாளைக்குப் பாக்கலாம்" என்பேன். பத்துக்கு எட்டுப் பேர் நாளைக்கு வர மாட்டார்கள். அதற்குள் ஊரில் கல்யாணமோ காரியமோ முடிந்து போயிருக்கும். ஷெட்டில் எனக்கு 'நாளைக்கு சார்' என்று பெயர். தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட, சொன்னால் என்ன?

அப்புறம் ஏன் லீவு போட்டேன்? என் பெண் உமா கேட்டாள். ஐந்து வயது. "ஒரு நாள் வூட்லயே இருப்பா."

ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தானே இருப்பேன் என்கிறீர்களா? இருப்பேன். அன்றைக்குத்தான் உங்களுக்காக இதை எழுதுகிறேன். உமா கிட்டே வந்தால் 'உஷ்!' என்பேன்.

"நாளைக்குப் பாக்கலாம்" என்றேன். தொழிலாளிகளாவது விட்டுவிடுவார்கள்... இவள் மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். பதினோராவது நாள் தோற்றுப் போனேன்.

லீவு லெட்டரை யாரிடம் கொடுப்பது? லீவு கிளார்க் நானேதானே! முறைப்படி எழுதி, என் மேஜையில், என் ட்ரேயில், நானே வைத்தேன். ஆபீசரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர நினைத்து மறந்துவிட்டேன். அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்கு வேறு சாவி கிடையாது.

புதன்கிழமை காலையில் ஏழரை மணி சங்கு ஊதியது. நான் எழுந்து ஓடவில்லை. குளித்துவிட்டு ஈஸிசேரில் சாய்ந்தேன். எதிரே உமா சொப்புகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். விளையாடத்தான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் ஷிப்ட் லிஸ்ட்டை ஒட்டினேனா? இரண்டாம் ஷெட்டில் ஆள் குறைவாயிற்றே, யார் பார்ப்பார்கள்? அலமாரியைப் பூட்டினேனா?... இப்படியே எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது.

வாசலில் கரண்ட் மீட்டர் பார்க்கிறவர் வந்து நின்றார். "பாப்பா, நைனா கீறாரா?"

உமா திரும்பினாள். நேராக என்னைத்தான் பார்த்தாள். இரண்டடி தூரம் இருக்காது.

"இல்ல. அப்பா ஆபீஸ் போயிருக்காரு."

மீட்டர்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். நான் உட்கார்ந்திருந்த இடத்தை நன்றாகவே பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, மீட்டரைக் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

குழந்தை விளையாடுகிறது என்று நினைத்தேன். "உமா!" என்றேன். திரும்பவில்லை. கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன். அவள் ஒரு சொப்பில் மண்ணை நிரப்பி, "இது அப்பா வந்தப்புறம்" என்று தனியாக எடுத்து வைத்தாள்.

மத்தியானம் என் மனைவி வசந்தா இரண்டு தட்டுதான் வைத்தாள். நான் அடுக்களை வாசலில் போய் நின்று செருமினேன். "அட, மறந்தே போச்சுங்க! பழக்கதோஷம்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"உடம்பு சரியில்லையா? என்னமோ மாதிரி இருக்கீங்களே."

"என்ன மாதிரி?"

அவள் சோறு போட்டாள்.

சாயங்காலம் ஐந்தரை. வழக்கமாக என் சைக்கிள் தெருமுனையில் திரும்புகிற நேரம். உமா எழுந்து வாசலுக்கு ஓடினாள். "அப்பா!" என்று தெருமுனையைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நானும் ஈஸிசேரிலிருந்தே எட்டிப் பார்த்தேன். தெருவில் ஒருவருமில்லை. அடுத்த நிமிஷம் அவள் திரும்பி ஓடிவந்து என் மடியில் ஏறி, "உனக்கு எடுத்து வெச்சிருக்கேன்" என்று அந்த மண்சோற்றை நீட்டினாள். காலையிலிருந்து அப்போதுதான் என்னிடம் பேசுகிறாள்.

இதில் என்ன இருக்கிறது, நமக்கெல்லாம் நடப்பதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தால் பெண்டாட்டி மூன்று தடவை கூப்பிட்டும் காதில் விழாத ஆண்பிள்ளைகள் எத்தனை பேர்? மகாபலிபுரம் போய் கடலைப் பார்த்துக்கொண்டே திங்கட்கிழமையை நினைக்காதவர் யார்? உடம்பு ஓரிடம், மனசு ஓரிடம். இது உலக வழக்கம். ஆனால் மனசு போன இடத்தில் யாராவது அதைப் பார்த்துவிட்டால்?

வியாழக்கிழமை கம்பெனி கேட்டில் சைக்கிளை விட்டு இறங்கினேன். வாட்ச்மேன் கோவிந்தன் சலாம் வைத்தார்.

"இன்னா சார், நேத்து போறப்ப ஒண்ணும் சொல்லாமயே பூட்டீங்க? கோவமா?"

"நேத்து நான் லீவு, கோவிந்தா."

"ஷோக்கா வெளையாடுறீங்க சார்! காலீல சலாம் போட்டேன், தலய ஆட்டிகினு உள்ள போனீங்களே. அஞ்சு மணிக்கு நீங்க வெளிய போறச்சொல்லோ கேட்டத் தொறந்துவுட்டவனே நான்தானே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. நேராக அறைக்குப் போனேன். பூட்டு நான் பூட்டின மாதிரியே இருந்தது. திறந்தேன்.

ட்ரேயில் என் லீவு லெட்டர். அதன் மேல் குறுக்கே சிவப்பு மையில், 'நாட் க்ராண்டட்', லீவு கிடையாது. கீழே என் சுருக்கொப்பம். வால் சுழிப்பதுகூட என்னுடையதேதான். பக்கத்தில் சிவப்புப் பேனா, மூடி கழற்றி வைத்திருந்தது.

பயந்துவிட்டேன். ஒளிப்பானேன்? நாற்காலியில் உட்காரவே பயமாக இருந்தது. நின்றுகொண்டே வேலை பார்த்தேன்.

பத்தேகாலுக்கு டீ மணி அடித்தது. ஜன்னல் ஓட்டையில் ஒரு கை நுழைந்தது. கையில் ஒரு கல்கண்டுப் பொட்டலம்.

"எடுத்துக்கோங்க சார். பொண்ணு பொறந்துகீது."

முனுசாமி. இரண்டாம் ஷெட்டில் டர்னர், கள்ளிக்குப்பத்து ஆள். அவன் அப்பா கூலிக்கு நாற்று நட்டவர். மகன் லேத் ஓட்டுகிறான். அதிர்ந்து பேசத் தெரியாதவன்.

"எப்பப்பா?"

"நேத்து சார். ரயில்வே கேட்டாண்ட. ரிக்‌ஷாவுலயே பொறந்துருச்சி."

"ரிக்‌ஷாவிலயா! நீ கூட இருந்தியா?"

அவன் குனிந்தபடியே என்னைப் பார்த்தான்.

"இன்னா சார் இப்டி கேக்குறீங்க? காலீலேந்து வலின்னு பக்கத்தூட்டுக்காரம்மா ஆள் வுட்டுச்சி. டீ டைம்ல வந்து, அரை நாள் லீவு குடுங்க சார்னு உங்களாண்டதானே கேட்டேன். நாளைக்குப் பாக்கலாம்னீங்க. நாலு தபா கேட்டேன். நாலு தபாவும் அதேதான் சொன்னீங்க. திரும்பி மெஷினாண்டயே பூட்டேன்."

அவன் சொல்லிக்கொண்டே போனான். ரயில்வே கேட் மூடியிருந்ததாம். ஆவடியிலிருந்து தார்ப்பாய் போட்ட ராணுவ டாங்கிகளை ஏற்றிக்கொண்டு ஒரு கூட்ஸ்... நீளமான கூட்ஸ். அது போய்க்கொண்டிருக்கும்போதே பிரசவம் ஆகிவிட்டது.

"வண்டி சத்தத்துல கொழந்த அழுதது கேக்கல சார். செத்துதான் பொறந்துச்சுன்னு நெனச்சிகினு எம் பொண்டாட்டி, வண்டி போற மட்டும் கண்ண மூடிகினே கெடந்தாளாம். கடேசி பொட்டி போனப்பறம்தான் அழுவுற சத்தம் கேட்டுச்சாம்." பொட்டலத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டினான். "ரெண்டு உசிரும் நல்லா கீது. நான்தான் கூட இல்ல. அவ்ளோதான் சார்."

"என்னோட சண்டை போட்டிருக்கலாமே, முனுசாமி!"

"எதுக்கு சார்? நீங்க எப்பவும் அதானே சொல்லுவீங்க."

அவன் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. இப்படிச் சொன்னதில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"முனுசாமி... நேத்து நான் வீட்ல இருந்தேன்ப்பா. இந்த ரூம் பூட்டியிருந்தது. சாவி என் பையில."

அவன் கையை மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டான். வலைக்கு அந்தப் பக்கம் ஒரு அடி பின்னால் போய் நின்றான்.

"கொரலு உங்க கொரலுதான் சார். ஆனா..."

"ஆனா?"

"குனிஞ்சே இருந்தீங்க. வாய் அசையல. சரி, நீங்க எப்பவும் அப்டித்தானேன்னு நெனச்சேன்."

அப்போதே அவனுக்கு ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்தேன். எழுத்துக் கோணலாக விழுந்தது. பாதி ஷிப்டில் அவன் கேட்டைத் தாண்டிப் போகிறவரைக்கும் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து வசந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அலறுவாள், மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போய் வேப்பிலை அடிக்கச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அங்க உக்காந்திருந்தது யாருன்னு இவ்வளோ பயப்படுறீங்களே... ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இங்க உக்காந்திருக்கறது யாருன்னு நான் எத்தனை நாள் யோசிச்சிருக்கேன் தெரியுமா?"

உமா எதிரேதான் இருந்தாள். இன்னொரு நாள் நான் லீவு போட்டு, இவள் மறுபடியும் என்னை அப்படி ஊடுருவிப் பார்த்தால்? எத்தனை நாள் அப்படிப் பார்ப்பாள்? கடைசியில் அப்பா என்று ஒருவன் வேண்டாமலே போய்விடாதா? அந்த வாரம் முழுவதும் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

போன வெள்ளிக்கிழமை முனுசாமி வேலைக்குத் திரும்பினான். சட்டையில் குழந்தைக்குப் போடுகிற பவுடர் வாசனை. ஜன்னலுக்கு வெளியே போய் அவன் பக்கத்தில் நின்றேன். ஏழு வருஷத்தில் அந்தப் பக்கம் போய் நின்றது அதுதான் முதல் தடவை.

"நாளைக்கு நான் லீவு. இந்தத் தடவை ஆபீசரே கையெழுத்துப் போட்டுட்டார். எனக்கு ஒரு உதவி செய். டீ டைம்ல வந்து இந்த ஜன்னலைப் பாரு. காலியா இருந்தா சரி. நான் உக்காந்திருந்தேன்னா..."

"உக்காந்துகினு இருந்தீங்கன்னா?"

"வீட்டுக்குப் போய்யான்னு கத்து."

"உங்களயா சார்?"

"என்னைத்தான்."

"மருவாதி இல்லாம கத்தலாமா?"

"எவ்வளவு வேணுமோ அவ்வளவு."

முனுசாமி தலையைச் சொறிந்தான். அப்புறம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "ரொம்ப நாள் ஆசை சார்" என்றான்.

சனிக்கிழமை. சங்கு ஊதியது. குளித்தேன். ஈஸிசேரில் உட்கார்ந்தேன். உமா சொப்போடு வந்தாள். என்னைக் கடந்து போனாள். என் பக்கம் திரும்பவில்லை.

ஷிப்ட் லிஸ்ட்டை நினைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நினைக்காமல் இருக்கப் பார்த்தால் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது. "உமாக்கண்ணு" என்றேன். அவள் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வாரி முடித்து, பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காலியான சேரில் வைப்பதுபோல அதை என் மடியில் சாய்த்து வைத்தாள். "இங்கியே தூங்கு, அப்பா வந்து எழுப்புவாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எழுந்துகொள்ளப் பார்த்தேன். கை கால் என்னுடையதாக இல்லை. சுவரில் மணி பார்த்தேன். பத்தேகால்.

அங்கே டீ மணி அடித்திருக்கும். முனுசாமி ஜன்னலில் குனிந்திருப்பான்.

சட்டென்று உடம்பு தூக்கிவாரிப் போட்டது. காதோரமாக யாரோ பலமாக அதட்டின மாதிரி இருந்தது. பொம்மை மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அதன் கனம் போனது எனக்குத் தெரிந்தது. முதுகில் சேரின் கட்டை உறுத்துவதும், அடுக்களையில் கடுகு வெடிக்கிற சத்தமும், எல்லாம் அப்போதுதான் தெரிந்தன.

பொம்மை விழுந்த சத்தத்தில் உமா திரும்பினாள். என்னைப் பார்த்தாள். கண் பெரிதாக விரிந்தது. சொப்பையெல்லாம் மிதித்துக்கொண்டு ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா! எப்ப வந்தே?"

"இப்பத்தாம்மா" என்றேன்.