அண்ணையின் தளபதி

என் அண்ணை ஒரு காலத்தில் பெரிய தலைவர் ஒருவருக்குப் பக்கத்தில் நின்று படைக் கட்டளைகளைக் கொண்டு திரிந்தவர் என்றும், அதை என்னிடமும் கனடா அரசாங்கத்திடமும் மறைத்துவிட்டார் என்றும் நான் நம்பினேன். பதினாறு நாட்கள் நம்பினேன். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. மூளை இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பதினாறு நாட்களும் அம்புலன்ஸ் சைரன்தான் இருந்தது.

அண்ணை என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். ஊரில் கச்சேரி என்கிற அரசாங்கச் செயலகத்தில் எழுதுவினைஞர். இரண்டு பேரில் ஒருவரைத்தான் வெளியே அனுப்பலாம் என்று வந்தபோது என்னை அனுப்பிவிட்டு அம்மாவுடன் நின்றுகொண்டார். கலியாணம் கட்டவில்லை. அம்மாவும் போன பிறகு, எட்டு வருடங்களுக்கு முன்னர் ரொறன்ரோவுக்கு வந்து அகதியாகப் பதிந்தார். மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டுப் பேஸ்மென்ற் அவருடைய வீடு. வேலை, ஒரு கொண்டோ அடுக்குமாடி வாசலில் செக்கியூரிற்றி.

நான் வேறு சாதி உயிரினம். கலியாண வீடோ பிறந்தநாளோ, மைக் என் கைக்கு வந்துவிடும். என் பகிடிகளில் பாதி அண்ணையைப் பற்றியது. "எங்கடை அண்ணை கதவு திறக்கிற வேகத்துக்கு, உள்ளுக்கு வந்த சனம் பென்சன் எடுத்துக்கொண்டுதான் லிஃப்டிலை ஏறும்" என்பேன். மண்டபமே சிரிக்கும். அண்ணையும் சிரிப்பார். சிரித்தார் என்றுதான் நினைத்திருந்தேன்.

மார்ச் மாதம் ஒரு காலையில் அந்தக் கதவடியிலேயே சரிந்து விழுந்தார். பாரிசவாதம். வலது கை போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. உடுப்பு எடுக்க நான் பேஸ்மென்ற்றுக்கு இறங்கினேன். மேசையில் அவருடைய சிற்றிசன்சிப் கடிதம் கிடந்தது. ஆறு கிழமையில் நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சூட்கேசைத் திறந்தேன். சாரங்களுக்குக் கீழே பதினொரு கொப்பிகள். அண்ணையின் கச்சேரிக் கையெழுத்து, ஒரு வெட்டுத் திருத்தம் இல்லை.

நடுவில் ஒன்றை விரித்தேன். இன்றைக்கும் அது எனக்கு மனப்பாடம்.

'நான் அவருக்கு ஒரு அடி பின்னால் நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டளை என் கையில் இருந்தது. அதை ——க்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாலையில் அந்தக் கிராமம் அங்கே இருக்கவில்லை.'

பெயர்கள் வரவேண்டிய இடமெல்லாம் கோடு. மறைக்க எதுவும் இல்லாதவன் எதற்குக் கோடு போடுகிறான்? அடுத்த பக்கத்தில் முழங்காலில் ஒரு பழைய குண்டுக் காயம். அண்ணை நொண்டி நடக்கிறவர். சின்ன வயதில் சைக்கிளோடு மதகில் விழுந்ததால் வந்த நொண்டல் அது. அந்தச் சைக்கிளில் முன்னால் இருந்தவனே நான்தான். என் கண்ணால் கண்ட மதகை நானே அழித்துவிட்டு அங்கே ஒரு குண்டை வைத்தேன்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு குதிரை வந்தது. அறிவுள்ளவன் அந்த இடத்தில் நின்றிருப்பான். நான் அதை மோட்டார்சைக்கிள் என்று வாசித்தேன். 'மன்னர்' என்று வந்தது. சங்கேதப் பெயர் என்று முடிவு கட்டினேன்.

மேலே ஓடிவந்து மனைவியிடம் சொன்னேன்.

"முழுக்க வாசிச்சியளோ?" என்று கேட்டாள்.

"மூண்டு பக்கம் காணும்."

"இஞ்சருங்கோ, அவரிட்டை ஒருக்கால் கேட்டுப்போட்டுச் செய்யுங்கோ."

"வாய் திறக்காத மனிசனிட்டை என்னத்தையப்பா கேக்கிறது? உது இமிகிரேசன்காரரின்ரை கையிலை போனா அவரைத் திருப்பி ஊருக்குப் பிளேன் ஏத்திவிட்டிடுவாங்கள். கேஸ் எழுதினது ஆர்? நான்! என்னையும் பக்கத்துச் சீற்றிலை இருத்தி ஏத்துவாங்கள்."

உண்மைதான். 'எந்த ஆயுதக் குழுவிலும் நான் இருந்ததில்லை' என்று அண்ணை தமிழில் சொல்ல, அகதிக் கேசுக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவன் நான். எங்களுடைய சனத்துக்குக் கடதாசிப் பயம் இரத்தத்தில் இருக்கிறது. படம், கடிதம், டயறி என்று எத்தனையைக் கிணற்றில் போட்டும் அடுப்பில் வைத்தும் வந்தவர்கள் நாங்கள்.

நான் வேலை செய்யும் பிறம்ரன் வெயர்ஹவுசில், இரகசியக் கடதாசிகள் போடுவதற்கென்று பூட்டிய சாம்பல் நிறப் பெட்டி ஒன்று நிற்கும். வாயில் ஒரு பிளவு. போட்டால் திருப்பி எடுக்க ஏலாது. வியாழக்கிழமைகளில் லொறி வந்து, வாசலில் வைத்தே அரைத்துக்கொண்டு போகும். பதினொரு கொப்பிகளையும் ஜக்கெற்றுக்குள் அடுக்கிக்கொண்டு, ஏழு மாதக் கர்ப்பிணி மாதிரி உள்ளே போனேன். கடைசிக் கொப்பி பிளவில் சிக்கிவிட்டது. சோற்றுக் கரண்டியால் தள்ளினேன். லொறி இரைந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

பதினாறாம் நாள் அண்ணைக்குப் பேச்சுத் திரும்பியது. சொல் சொல்லாக வந்தது.

"கொப்பியள்," என்றார். "சூட்கேசுக்கை. கொண்டு வா."

நான் கதவைப் பார்த்துவிட்டு அவர் காதடியில் குனிந்தேன். "பயப்பிடாதேங்கோ அண்ணை. எல்லாம் அழிச்சிட்டன்."

"எதை?"

"உங்கடை பழைய கதையை. ஒருத்தருக்கும் தெரியாது. நான் சாகுமட்டும் வாய் திறக்கமாட்டன்."

அண்ணை ஒவ்வொரு சொல்லாக, "அது என்ரை கதை இல்லையடா. பிரஷ்யாக்காரன் ஒருத்தன்ரை கதை. செத்து நூறு வருசத்துக்கு மேலை," என்றார்.

ஜேர்மனி ஒரு நாடாவதற்கு முன்னர் வடக்கே இருந்த அரசு பிரஷ்யா. கொண்டோவில் இருந்த ஒரு ஜேர்மன் கிழவி வீடு மாறிப் போகும்போது, பூட்டனாரின் நினைவுகள் என்று ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு புத்தகத்தை அண்ணையின் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதைத்தான் ஆறு வருடங்களாக, வேலை இல்லாத நாட்களில் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். ஜேர்மன் பெயர்களை எப்படித் தமிழில் எழுதுவது என்று தீர்மானிக்க முடியாமல், கடைசியில் போடலாம் என்று கோடு இழுத்து வைத்திருக்கிறார்.

 

"எங்கை போட்டனி?"

"அரைச்சாச்சு அண்ணை."

"பதினொண்டும்?"

"ஓம்."

கண்ணை மூடிக்கொண்டார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"வாசிச்சனியோ?" என்று கேட்டார்.

"மூண்டு பக்கம்."

"எப்பிடி இருந்தது?"

அதுவரை அழாமல் நின்றவன் அந்தக் கேள்விக்குத்தான் உடைந்தேன். "பயமா இருந்தது அண்ணை. உண்மையெண்டு நினைச்சுப்போட்டன்."

வாயின் இடது பக்கம் மட்டும் சிரித்தது. "அப்ப நல்லாத்தான் எழுதியிருக்கிறன்."

"ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா, அடுத்த கலியாண வீட்டிலை மைக்கிலை வந்திருக்கும்."



புத்தகம் அவருடைய வேலை மேசையின் இழுப்பு லாச்சிக்குள் இருந்தது. எடுத்துவந்து, நான் ஆங்கிலத்தில் வாசிக்க, அவர் தமிழில் சொல்ல, நான் புதிய கொப்பியில் எழுதினேன். என் கையெழுத்தைப் பார்த்து, "கோழி கிண்டினது மாதிரி" என்றார்.

அந்த மனிதன் ஓர் ஏழைப் பண்ணை வீட்டின் மூன்றாவது மகன். பதினொரு வயதில் படைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பத்தொன்பது வயதில் முழங்காலில் குண்டு பட்டது. பார்க்க வந்த மன்னர், "சண்டையில் என்ன கண்டாய்?" என்று கேட்டிருக்கிறார். மற்றவர்கள் வெற்றியைக் கண்டதாகச் சொல்ல, இவன் "புகையைக் கண்டேன்" என்றானாம். அதற்காகவே மன்னர் அவனைத் தன் பக்கத்தில் நிற்க எடுத்தார். பிறகு முப்பது வருடம் ஓர் அடி பின்னால். கடிதம் வாசிப்பது, கட்டளை கொண்டுபோவது, மன்னரின் முகம் பார்த்துச் சனத்தை உள்ளே விடுவது. நின்ற நிலையிலேயே ஜெனரல் ஆனான். அந்தப் பதவிக்கு அண்ணை 'அணுக்கத் தளபதி' என்று பெயர் வைத்திருந்தார். படங்களில் எல்லாம் அவனுக்கு அரை முகம்தான்.

"எத்தினை பெரிய ஆக்கள் இருக்க, ஏன் அண்ணை இந்த மனிசனைப் பிடிச்சனியள்?"

"கதவடியிலை நிக்கிறவன். எனக்கு அந்த வேலை தெரியும்."

மன்னர் இறந்ததோடு அவன் வேலையும் முடிந்துவிட்டது. புதிய மன்னருக்குப் புதிய ஆட்கள். ஊருக்குப் போன பிறகும் விடிய ஐந்து மணிக்கு எழும்பி, சீருடை போட்டு, தன் வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பானாம். அது கடைசி அத்தியாயத்தில் வருகிறது. அண்ணை பழைய கொப்பியில் அங்கேதான் நிறுத்தியிருந்தார். நாங்கள் முதலாம் அத்தியாயத்திலிருந்து தொடங்கினோம். ஒரு நாளைக்கு அரைப் பக்கம். அதற்கு மேல் அவருக்குக் களைத்துவிடும். கடைசி அத்தியாயத்தை நான் பிறகு தனியாக, ஆங்கிலத்தில் வாசித்தேன்.

அண்ணை எந்தப் படையிலும் இருந்ததில்லை. நேர்முகத்துக்கு மூன்று நாட்கள் இருக்க, இரண்டாவது தடவை பாரிசவாதம் வந்து இறந்தார். புதிய கொப்பியில் ஒன்பது பக்கங்கள் எழுதியிருந்தோம். பழைய பதினொன்றில் மூன்று பக்கங்களைத்தான் ஒரு மனிதர் வாசித்தார். அந்த ஆள் நான்.