ஐந்தாவது கவர்

சிவகாசியில் ஒரு பரோட்டாக் கடை இருக்கிறது. அதைத் தாண்டும்போது இன்றும் நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டுதான் போவேன். கடைக்காரர் மேல் தப்பில்லை. சால்னாவும் அருமையாகத்தான் இருக்கும்.

நாரணாபுரத்தில் எங்கள் தெரு முழுக்கப் பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள். சனிக்கிழமை சாயங்காலம் எல்லா வீட்டுக்கும் சம்பளம் வரும். எங்கள் வீட்டுக்கு மட்டும் மாதத்துக்கு ஒரு தடவை. அப்பா பட்டாளத்தில் இருந்தார். எல்லைப் பக்கம், என் வாயில் நுழையாத பெயருள்ள ஏதோ ஓர் ஊர்.

அம்மா அந்தச் சம்பளத்தையும் சனிக்கிழமைச் சம்பளமாக ஆக்கிவிட்டாள். மாதம் பிறந்ததும் பணத்தை எடுத்துவந்து, அச்சாபீசில் கழித்துப்போட்ட காலண்டர் தாளில் அவளே ஒட்டிய நான்கு கவர்களில் பிரித்துவைப்பாள். வாரத்துக்கு ஒன்று. புதன்கிழமையே அரிசி தீர்ந்தாலும் அடுத்த கவரைத் தொடமாட்டாள். எங்கள் வீட்டில் உண்மையான பட்டாளக்காரர் யார் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

ஐந்தாவதாகவும் ஒரு கவர் இருந்தது. அதில் எப்போதும் நாலாயிரம் ரூபாய். மாதாமாதம் முதலில் அதைத்தான் எடுப்பாள். எண்ணுவாள், மடிப்பாள், உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். எதற்கு என்று கேட்டால், "இருக்கட்டும்" என்பாள். ரிப்பன் வாங்கக் காசில்லாத வீட்டில் நாலாயிரம் சும்மா தூங்குகிறதே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

நான் எட்டாம் வகுப்புப் படித்த வருஷம், தீபாவளிக்கு முன்னால் ஆலைகளில் போனஸ் போட்டார்கள். வகுப்பில் அதுதான் பேச்சு. ஒருத்தி என்னிடம், "பட்டாளத்துல போனஸெல்லாம் கிடையாதாட்டி?" என்றாள். இளக்காரமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"எங்கப்பாவுக்கும் வந்துருச்சு. ஒங்க வீட்ட விட ஜாஸ்தி" என்றேன்.

சொன்ன பொய்க்குச் சாட்சி வேண்டுமே. அன்று சாயங்காலமே ஐந்தாவது கவரிலிருந்து இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை உருவினேன். தோழிகள் ஆறு பேருக்கும் பரோட்டா, ரோஸ்மில்க், ஆளுக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல். ஒரு நாள் முழுக்க நான்தான் ராணி.

மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது. அப்பா போன வண்டி பள்ளத்தில் உருண்டுவிட்டது, டெல்லியில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உடனே வரவேண்டும் என்றார்கள். அம்மா அழவில்லை. பையில் துணியை வைத்தாள், தன் தம்பிக்குப் போன் போட்டாள். எதையும் அவள் தேடவேயில்லை. அன்றைக்கே விருதுநகரில் ரயிலேற வேண்டும்.

மாமா மூச்சிரைக்க வந்தார். "ஊரு பூரா சுத்திட்டேன்க்கா. ஒரு ஏ.டி.எம்.லயும் பணமில்ல. போனஸ் வாரம்ல, வழிச்சு எடுத்துட்டாங்க."

"இப்படி ஒரு போன் வந்தா கெளம்புறதுக்குத்தான இதக் கையில வச்சிருக்கேன்" என்று அம்மா கவரைப் பிரித்தாள். எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பையின் ஜிப்பைப் பார்த்தேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டுப் பெண்ணும் என் பரோட்டாவைத் தின்றவள்தான். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் என் அம்மா, "ஒரு ஆயிரம் இருந்தா கொடு தாயி, சம்பளம் வந்ததும் தந்துருறேன்" என்றாள். அம்மா யாரிடமும் கடன் கேட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்த அத்தை உள்ளே போய்ப் போனஸ் பணத்தை எடுத்துவந்தார். எண்ணிக் கொடுத்துக்கொண்டே, "ஒங்க வீட்டுக்கும் பெரிய போனஸ் வந்துருச்சுன்னு பிள்ள சொன்னாளாமேக்கா?" என்றார்.

எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. அம்மா என் கையை விடவில்லை, இறுக்கவும் இல்லை.

"ஆமா, வந்துச்சு. செலவாயிருச்சு" என்றாள்.

அப்பா பிழைத்தார். பொங்கலுக்குக் கம்பை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கடன் அடைந்தது. அந்த ஆயிரத்தைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, கவரை இடம் மாற்றி ஒளித்துவைக்கவும் இல்லை. நாலு அடி போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவளை எதிர்வீட்டில் கைநீட்ட வைத்ததுதான் என் குற்றம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா மறுபடி வேலைக்குப் போன மாதம், அம்மா வழக்கம்போல ஐந்தாவது கவரை முதலில் எடுத்தாள். நாலாயிரத்தை எண்ணி வைத்தாள், மடித்தாள், அதன் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மடிப்பு நன்றாகப் படியட்டும் என்று அழுத்துகிறாள் என்றுதான் நான் அப்போதும் நினைத்தேன். அந்தக் கவரைப் பிரிக்கிற நாள் வரவே கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தது எனக்குப் புரிய வருஷங்கள் ஆயின.