ஒற்றைத் தந்தியும் பூட்டிய கேட்டும்

என்னைச் சிறப்பு விருந்தினராகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நம்பினேன். இதை முதலிலேயே நானே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிக்க இடம் கொடுப்பதாக இல்லை.

திருப்பூரில் எனக்கு பைக் உதிரிபாகக் கடை. பக்கத்து பனியன் கம்பெனி முருகேசன் ஒருநாள் வந்து கிளட்ச் கேபிள் கேட்டார். எந்த வண்டிக்கு என்றேன். வண்டிக்கு இல்லை, துந்தனாவுக்கு என்றார். குன்னூர்ப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் அவருடைய அக்கா செல்வமணி கையாலேயே ஒற்றைத் தந்தி வாத்தியம் செய்கிறாராம். கேபிளைப் பிரித்தால் உள்ளே கிடைக்கும் ஒரு இழைதான் தந்தி. இருபத்தைந்து வருடமாக விற்கிற சாமானுக்குள் சங்கீதம் இருப்பது தெரியாமலே கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். சந்தோஷத்தில் காசு வாங்கவில்லை. அடுத்த வாரமே, மார்கழி பஜனைக்கு நீங்கள் கட்டாயம் வரவேண்டும் என்று அக்கா சொன்னதாக வந்து நின்றார். எனக்கு மேடை, மாலை, பொன்னாடை எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. வெள்ளை வேட்டிக்குக் கஞ்சி போடச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினேன். குன்னூருக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். பர்லியாரில் பஸ் நின்றபோது பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்தேன். அதற்கு மேல் கொண்டை ஊசி வளைவுகள் அந்த டீயை என்னிடமிருந்து திரும்பக் கேட்டன, நான் கொடுக்கவில்லை. வாழ்த்துரையை மனசுக்குள் ஒத்திகை பார்த்தபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

குன்னூரிலிருந்து ஜெகதளா பக்கம் போகும் ஜீப்பில் ஆளுக்கு முப்பது ரூபாய். நான் போகும் எஸ்டேட்டின் பெயரைச் சொன்னதும் டிரைவர் என் வேட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இந்த வருசம் துந்தனா தூக்கறது நீங்களா?"

தூக்குவதற்கு இல்லை, வாழ்த்துவதற்கு வந்திருக்கிறேன் என்றேன்.

"போன வருசம் தூக்கினவரு அவிநாசிக்காரருங்க. நல்ல மனுசன்," என்று சொல்லிவிட்டு அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. செத்தவர்களைப் பற்றி மட்டும்தான் எங்கள் ஊரில் இவ்வளவு சுருக்கமாகப் பேசுவார்கள்.

செல்வமணிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு சாயங்காலம் நாலரைக்கு வந்தார். அவருடைய பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்தவர்கள்; தொழிலாளர் குடியிருப்பு வரிசையை இங்கே இன்னும் லயம் என்றுதான் சொல்கிறார்கள். கை கழுவியதும் வேலையில் உட்கார்ந்துவிட்டார். தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரத்துண்டைக் குடைந்து, அரிசி அளக்கும் படி போல ஒரு உருளை. அதன் அடிவாயில் ஆட்டுத்தோல். பக்கவாட்டில் ஒரு முழ நீள மூங்கில். தோலின் நடுவில் முடிந்த தந்தி உருளைக்குள் ஏறி, மூங்கில் உச்சியில் இருக்கும் முறுக்காணியைப் பிடித்துக்கொள்கிறது. அந்த ஆணி மட்டும் பழைய தேயிலைச் செடியின் வேர்க்கட்டை. அறுக்கிற வாள் மழுங்குமே தவிர அது தேயாது என்றார். இங்கே பனியில் தோல் தளர்ந்துவிடும் என்பதால் அடிக்கடி அடுப்பு அனலில் காட்டினார். தட்டிக் கேட்பார், காட்டுவார், மறுபடி தட்டுவார். ஆனால் தந்தியை மட்டும் மீட்டிப் பார்க்கவே இல்லை.

ஏன் என்று கேட்டேன். இதைக் கேட்காமல் பஸ் ஏறியிருக்கலாம்.

மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் ஆகாது. புது துந்தனாவை எந்த லயத்துக்காரர் முதலில் மீட்டுகிறாரோ, அந்த லயம் வருடம் முழுக்க மீசை முறுக்கும். மற்ற லயம் பஜனை ஊர்வலத்தில் பின்னால் நடக்காது. அதனால் இரண்டு பக்கமும் சேராத வெளியூர் ஆள்தான் மீட்டிக்கொண்டு முன்னால் போக வேண்டும். அப்புறம் இன்னொன்று. லயத்து வாசலில் தொட்ட தந்தி கோயில் வாசல் வரை நிற்கக் கூடாது. நடுவில் கை மாறக் கூடாது. நின்றால் அந்த வருடம் பஜனையே கிடையாது.

போன வருடம் நின்றுவிட்டது. கோயிலுக்குப் போகிற பாதை பழைய துரை பங்களாவின் ஓரமாகப் போகிறது. பங்களா இப்போது ரிசார்ட். பாதையில் கேட் போட்டு, விருந்தினர் தூக்கம் கெடுகிறது என்று பூட்டிவிட்டார்கள். அவிநாசிக்காரர் கேட்டைப் பார்த்துப் பயந்து கையை எடுத்துவிட்டார். ஒரு வருடமாக யாரும் நடக்காத பாதைதானே என்று இப்போது சுவரே எழுப்பப் போகிறார்கள், செங்கல் இறங்கிவிட்டது. இந்தத் தடவையும் போகாவிட்டால், இனிமேல் சாமி கும்பிட நாலு கிலோமீட்டர் தார்ச்சாலையில் சுற்ற வேண்டியதுதான்.

ஆக, என் பொன்னாடை இதுதான். நான் மெதுவாக ஒரு யோசனை சொன்னேன்: கேட் பாதைக்குத்தானே, தேயிலைச் செடிக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விடலாமே.

செல்வமணி என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெனமும் செடிக்குள்ளதானுங்கண்ணா நிக்கிறோம். சாமி கும்பிடறதுக்கும் திருடனாட்டம் செடிக்குள்ள போகோணுங்களா?"

எனக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு என்றேன். வாயு உண்டென்பதையும் சேர்த்துக்கொண்டேன். நல்லதாப்போச்சு, காலையில் காப்பிக்குச் சர்க்கரை போட வேண்டாம் என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு ஆணியை முறுக்கத் தொடங்கினார்.

சனிக்கிழமை விடிகாலை ஐந்தரை. கஞ்சி போட்ட வேட்டி குளிரில் தகரம் போல நின்றது. இரண்டு லயத்திலும் சேர்த்து முப்பது பேர் இருப்பார்கள். மேல் லயம் பாதையின் வலப்புறம், கீழ் லயம் இடப்புறம். துந்தனாவை இடுப்பில் இடுக்கி, ஆள்காட்டி விரலால் தந்தியைத் தொட்டேன். வந்தது ஒரே ஒரு ஒலி, டொய்ங் என்று. கடையில் ஆயிரம் தடவை சுருட்டிக் கட்டிய கம்பி இப்படிப் பேசும் என்று யாராவது சொன்னால் அடித்திருப்பேன். பின்னால் பாட்டு எழும்பியது. செல்வமணி தகர டப்பாவில் நெருப்புக் கங்கு எடுத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார். தோல் தளரும்போதெல்லாம் டப்பாவை வாத்தியத்துக்குக் கீழே, அதாவது என் வேட்டிக்கு நாலு விரல் தள்ளி, காட்டினார். நான் பெருமாளைக் கூப்பிட்டது முழுக்க பக்தியால் என்று சொல்ல முடியாது.

அரைக் கிலோமீட்டரில் கேட் வந்தது. இரும்புக் கேட், பூட்டு, உள்ளே காவலாளி. பாட்டு நின்றது. என் விரல் மட்டும் நிற்கவில்லை. அதற்குக் காரணம் வீரம் இல்லை. பயத்தில் கை நடுங்கியது, தந்தி நடுங்குகிற விரலுக்கு எதிரில் இருந்தது. டொய்ங் டொய்ங் என்று முன்னைவிட வேகமாக வந்தது. கூட்டம் அதை ஆவேசம் என்று எடுத்துக்கொண்டு மறுபடி பாட ஆரம்பித்தது.

மாடி ஜன்னல்களில் விளக்கு எரிந்தது. போர்வையோடு சிலர் பால்கனிக்கு வந்தார்கள். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டே மேனேஜர் ஓடிவந்து நேராக என்னிடம், "சார் யாரு, யூனியனா?" என்றார். பல் கிட்டியிருந்ததால் பதில் வரவில்லை. அவர் ஒரு அடி பின்னால் போனார். என் வாழ்க்கையில் என்னைப் பார்த்துப் பின்வாங்கிய முதல் மனிதர். குரலைத் தணித்து செல்வமணியிடம் பேசினார். உள்ளே புல்தரையில் பத்து நிமிடம் வாசித்தால் விருந்தினர் ரசிப்பார்கள், அப்புறம் ரிசார்ட் ஜீப்பிலேயே தார்ச்சாலை வழியாகக் கோயிலில் விட்டுவிடலாம் என்றார்.

"எங்க காலு நல்லாத்தானுங்க இருக்கு," என்றார் செல்வமணி, டப்பாவிலிருந்த நெருப்பை ஊதிக்கொண்டே.

மேனேஜர் பால்கனியைப் பார்த்தார். அந்தச் சத்தத்தையாவது நிறுத்தச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார்.

"அது கோயில் வாசல்லதானுங்க நிக்கும். வெரசா நிக்கோணுமுன்னா வெரசா தொறங்க."

விரல் நுனித் தோல் உரிந்துவிட்டிருந்தது. திருப்பூரில் எங்கள் சந்தில் ஒருத்தர் வீட்டுப் படியைப் பாதி ரோட்டுக்கு இழுத்துக் கட்டியிருக்கிறார். பன்னிரண்டு வருடமாக நாங்கள் எல்லாரும் வண்டியை வளைத்து ஓட்டிப் போகிறோம்; நான் ஹாரன்கூட அடித்ததில்லை. இது ஏன் அந்த நேரத்தில் ஞாபகம் வந்ததோ தெரியாது. கோபம் வந்தது. படியைக் கட்டியவர் மேல் இல்லை, வளைத்து ஓட்டியவன் மேல். அதுவரை நடுக்கம் வாசித்தது. அப்புறம் நான் வாசித்தேன். இடுப்பைக் கேட் கம்பியில் சாய்த்து, மேனேஜர் முகத்துக்கு நேராக, தந்தி எவ்வளவு தாங்குமோ அவ்வளவு ஓங்கி வாசித்தேன். சரக்கு என் கடையுடையது. தாங்கும் என்று எனக்குத் தெரியும்.

மேல் லயமும் கீழ் லயமும் கேட்டுக்கு முன்னால் இடம் வலம் பார்க்காமல் நெருக்கியடித்து நின்றன. யாரும் கேட்டை ஆட்டவில்லை, கத்தவில்லை. பாடினார்கள். பால்கனியில் ஒரு குழந்தை எழுந்து அழ ஆரம்பித்தது.

மேனேஜர் காவலாளியிடம் கையை நீட்டிச் சாவி கேட்டார். காவலாளி சாவியைக் கொடுக்காமல் தானே பூட்டைத் திறந்தார். முப்பது பேரும் பாதையில் நடந்து போனோம். கோயில் வாசலில் நான் கையை எடுத்தேன்.