நாடா வைத்த கல்யாணக் கவுன்

நூறு வருடங்களுக்கு முன்பு பெங்களூர் கண்டோன்மெண்ட் பக்கம் உடை வடிவமைத்தவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால், "ஓ, டெய்லரா?" என்பார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறும். தைப்பது வேறு. துணியை இந்த இடத்தில் வெட்டினால் உடம்பில் இப்படி விழும் என்று முதலில் மனதில் பார்த்தவர் ஒருவர் இருப்பார் அல்லவா, அவர் யார் என்பதுதான் என் கேள்வி. துரைசானிகள் என்ன கவுன் போட்டார்கள் என்று வேண்டிய மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை யோசித்தவர்களைப் பற்றி மூச்சே இல்லை. உடை வடிவமைப்புக் கல்லூரியில் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிறவள் நான். இந்த எரிச்சல் மட்டும் இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அப்படி அலைந்ததில்தான் பொம்மனஹள்ளியில் ஒரு வீட்டு பீரோவிலிருந்து அந்தக் கல்யாணக் கவுன் வெளியே வந்தது. வெள்ளைப் பட்டு, பழுப்பேறியிருந்தது. வீட்டுக்காரி கார்மெண்ட்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். தன் அம்மாவுடைய பாட்டியின் அம்மா, கண்டோன்மெண்டில் கவுன் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், தன் மகளுக்காகச் செய்தது இது என்றாள். அவர் பெயரைக் கேட்டேன்.

"கவுனம்மான்னுதான் எல்லாரும் சொல்வாங்க. எங்க வீட்ல பெரியவங்க பேரை யாரும் வாயால சொல்ல மாட்டாங்கக்கா. அம்மாவுக்குத் தெரிஞ்சாதான் உண்டு."

அம்மா இருப்பது கோலார் தங்கவயலில். அந்த வாரமே போன் போட்டுக் கேட்டிருக்கிறாள். "சொல்ல மாட்டேங்குது அக்கா, தெரியாது போல" என்று எனக்குச் செய்தி வந்தது. சர்ச்சில் விசாரித்தேன். அந்தக் காலத்துப் பதிவுகளைக் கரையான் தின்றுவிட்டதாம். மரியாதை, மரியாதை என்று வாயை மூடி மூடி, கடைசியில் ஒரு மனுஷியின் பெயரையே தொலைத்துவிட்டார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

நகரத்தில் ஒரு சின்னக் காட்சிக்கூடத்தில் பழைய உடைகளை வைக்க ஏற்பாடாகியிருந்தது. கவுனைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அங்கே பொறுப்பில் இருந்த பெண் நல்லவள்தான், ஆனால் ஆதாரம் இல்லாமல் ஒரு எழுத்து எழுத மாட்டாள். அவள் தயாரித்த அட்டையில் 'லண்டன் பாணி, தயாரித்தவர் யாரோ' என்று இருந்தது.

அதைப் படித்ததும் வீட்டுக்காரியின் முகம் மாறிவிட்டது. "யாரோவா? நான் தைக்கிற சட்டையில எவன் பேரோ ஒட்டி வெளிநாட்டுக்குப் போவுது. போவட்டும், அது வேலை. இது எங்க வீட்டுது. இப்படிப் போட்டா நான் கவுனை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவேன்."

"ப்ரூஃப் எல்லி மேம்?" என்று அந்தப் பெண் கன்னடத்தில் என்னைக் கேட்டாள். என்னிடம் ஆதாரம் எங்கே இருக்கிறது?

வாக்குவாதம் முடியாமலே கவுனை உடை மாட்டும் பொம்மைக்குப் போட்டுப் பார்த்தோம். பொம்மை ஒல்லி. இடுப்பு நிற்காமல் வழிந்தது. ஊசி குத்தலாம் என்றாள் அந்தப் பெண். நூறு வருடத்துப் பட்டில் ஊசியா! ஐயோ, வேண்டவே வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். இடுப்பின் உள்பக்கம் விரலை விட்டுத் தடவியபோது ஒரு மடிப்புக்குள் ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தேன். இடுப்பு சுருங்கி, கவுன் பொம்மையின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாடா! வெளியே பார்த்தால் துரைசானி கவுன், உள்ளே நம்ம பாவாடை நாடா.

"ஆமாக்கா, எங்க பெரியம்மா நல்ல குண்டு, சித்தி குச்சி. ரெண்டு பேரும் இதைத்தான் போட்டாங்க" என்றாள் வீட்டுக்காரி, இதில் என்ன அதிசயம் என்பது போல.

பிறகு வைத்துத் தைத்ததாக இருக்கலாமே என்றாள் அந்தப் பெண். நியாயமான சந்தேகம். விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொல்லித் தையலைப் பார்த்தோம். நாடா ஓடும் மடிப்பு ஒட்டுத்துணி இல்லை; இடுப்புத் துணியையே அதற்காக அகலமாக வெட்டி உள்ளே மடித்திருந்தது. கத்தரி வைத்த அன்றைக்கே நாடாவும் யோசனையில் இருந்திருக்கிறது. கீழே லேஸுக்குப் பின்னால் நீளத்தைக் கூட்டிக் குறைக்க மடிப்புகள் வேறு. ஒரு நாள் போட்டுப் பெட்டியில் வைக்கிற கவுனுக்கு எந்த லண்டன் கடை இத்தனை மெனக்கெடும்? வீட்டில் வரப்போகிற பெண்களையெல்லாம் நினைத்து வெட்டிய கவுன் இது. என் கண் கலங்கிவிட்டது. ஒளிப்பானேன், அத்தனை சந்தோஷம்.

அட்டை மாறியது: 'பெங்களூரில் இந்தக் கவுனைக் கொடுத்த குடும்பத்தைச் சேர்ந்த பெண் ஒருவர் வடிவமைத்தது. பெயர் தெரியவில்லை.' வீட்டுக்காரி இரண்டு முறை படித்துவிட்டு, அரை மனதாகச் சரி என்றாள்.

திறப்பு நாளன்று அவளுடைய அம்மா தங்கவயலிலிருந்து காலை ரயிலில் வந்தார். தன் கல்யாணத்துக்கும் போட்ட அந்தக் கவுனைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு அட்டையைக் காட்டி, "இன்னாடி எழுதியிருக்கு?" என்றார். மகள் படித்துக் காட்டினாள்.

"தெரியலையா? யாரு சொன்னது?"

"போன்ல கேட்டேனேம்மா!"

"கேட்ட. பெரியவங்க பேர வாயால சொல்லுன்ன. மாட்டேன்னேன். தெரியாதுன்னா சொன்னேன்?"

மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப சொல்லும்மா. நீ சொல்லலைன்னா இதுதான் நிக்கும்."

அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு, கவுனைப் பார்த்து அந்தப் பெயரைச் சொன்னார். பொறுப்பில் இருந்த பெண் எதுவும் கேட்காமல் கடைசி வரியை அடித்துவிட்டுப் பேனாவாலேயே பெயரை எழுதினாள்.

மகள் அட்டையைப் பார்த்து அந்தப் பெயரை ஒரு தடவை சொன்னாள். இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் தோளில் ஒன்று வைத்தார்.

"போதும்டி. உன் வயசு என்ன, அவங்க வயசு என்ன, பேரச் சொல்லிக் கூப்புடுற!"