தங்கை வீட்டுச் சிங்கங்கள்

யாங்கோன் விமான நிலையத்தில், விமானம் ஏறுவதற்கு முன்பே எனக்குப் பொறாமை வந்துவிட்டது. என் மகள் தின்சா, நான் புதிதாகத் தைத்துக் கொடுத்த லுங்கியையும் மேல்சட்டையையும் பெட்டிக்குள் அடியில் போட்டுவிட்டு, என் தங்கை வள்ளி அனுப்பிய காக்கிச் சட்டையில் வந்து நின்றாள். அது அவளுக்கு அழகாகவும் இருந்தது. ஆப்பிரிக்கா போய் வந்தவர்கள் சிங்கத்தையும் யானையையும் பற்றி எழுதுவார்கள். நானும் அவற்றைத்தான் பார்த்தேன். வயிற்றெரிச்சலோடு பார்த்தேன் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வள்ளி கென்யாவில், மாசாய் மாரா காட்டுப் பகுதியில் உள்ள ஒரு கூடார விடுதிக்கு மேலாளர். யாங்கோனில் ஒரு ஓட்டல் வரவேற்பறையில் ஆரம்பித்தவள், பாங்காக், துபாய் என்று போய்க் கடைசியில் சிங்கங்களுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். கல்யாணம் வேண்டாம் என்றாள், செய்துகொள்ளவில்லை. நான் இன்சீன் சந்தையில் லுங்கித் துணி விற்கிறேன். என் கணவர் பர்மியர், ரயில்வே பட்டறையில் வேலை. தின்சா எங்களுக்கு ஒரே மகள், இருபது வயது. ஷ்வேப்யிதாவில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறாள். நான் தமிழில் பேசினால் அவளுக்குப் புரியும். பதில் மட்டும் பர்மிய மொழியில் வரும்.

"ஏப்ரல்ல இங்க மழை. கூடாரமெல்லாம் காலியா கெடக்கும். திஞ்சானுக்கு உன் கடையும் மூடித்தானே இருக்கும், ரெண்டு பேரும் வாங்க. டிக்கெட்டு நான் போடறேன்" என்று வள்ளி போனில் அழைத்தாள். திஞ்சான் எங்கள் ஊர்த் தண்ணீர்த் திருவிழா, சந்தைக்கு நீண்ட விடுமுறை. ஆனால் அழைப்பின் பின்பாதியில்தான் விஷயம் இருந்தது. தின்சாவுக்கு அந்த விடுதியிலேயே பயிற்சி வேலை ஒன்றுக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். நான் வந்து பார்க்க வேண்டும். மனம் ஒப்பினால் மகளை அங்கே விட்டுவிட்டு வரலாம், ஒப்பாவிட்டால் கூட்டிக்கொண்டு திரும்பலாம். ராணுவம் இளசுகளைப் பிடித்துக்கொண்டு போகிற இந்தக் காலத்தில் யாங்கோனில் இருபது வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிற வீடு எது? "நீயே பார்த்து முடிவு செய்" என்று சொல்லிக் கணவர் கழன்றுகொண்டார். இருவருக்குமான திரும்பும் பயணச்சீட்டு என் கைப்பையில் இருந்தது.

யாங்கோனிலிருந்து பாங்காக் ஒன்றேகால் மணி நேரம். அங்கே பாதி நாள் காத்திருப்பு. பிறகு நைரோபிக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல். நைரோபியில் இன்னொரு சிறிய விமான நிலையத்துக்குப் போய், பன்னிரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஏற வேண்டும். ஆளுக்குப் பதினைந்து கிலோ, அதுவும் துணிப் பையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். நைரோபியிலேயே பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் பைகளில் மாற்றினோம். வள்ளிக்காகக் கொண்டுபோன லபெட்டை, அதாவது ஊறவைத்த தேயிலையை, அதிகாரி முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

முக்கால் மணி நேரத்தில் பச்சைப் புல்வெளியில் ஒரு செம்மண் கோடு தெரிந்தது. அதுதான் ஓடுதளம். மேய்ந்துகொண்டிருந்த வரிக்குதிரைகளை ஒரு ஜீப் விரட்டிவிட்ட பிறகுதான் இறங்கினோம். ஜீப்புக்குப் பக்கத்தில் தொப்பியோடு வள்ளி நின்றாள். என்னைவிட நாலு வயது இளையவள். பார்வைக்குப் பத்து வயது இளையவளாக இருந்தாள். தின்சா என்னைத் தாண்டி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"வா அக்கா! என்ன இப்படி எளச்சுப் போய்ட்ட?"

"நீ நல்லா பூசினாப்பல இருக்க" என்றேன். பொய். மூங்கில் மாதிரி இருந்தாள்.

ஓடுதளத்திலிருந்து விடுதிக்கு ஜீப்பில் நாற்பது நிமிடம். டேனியல் என்ற மாசாய்க்காரர் ஓட்டினார். வழியில் ஒட்டகச்சிவிங்கி நின்றால் நிறுத்தினார், ஒரு ஆமை குறுக்கே போனதற்கும் நிறுத்தினார். யாங்கோனில் என்றால் பின்னால் வருகிறவன் ஹாரனை அமுக்கியே கொன்றிருப்பான். இங்கே பின்னால் யாருமே இல்லை.

கூடாரம் என்றதும் நான் தார்ப்பாயை நினைத்திருந்தேன். எங்கள் இன்சீன் வீட்டின் முன்னறை, பின்னறை, சமையற்கட்டு மூன்றையும் அதற்குள் தூக்கி வைக்கலாம். ஆற்றைப் பார்த்த மரத்தளம், அதன் மேல் கித்தான் சுவர், உள்ளே தேக்குக் கட்டில்கள், கம்பளம், எழுத மேசை, செம்பில் ஒரு குளியல் தொட்டி. தேக்கு எங்கள் ஊர்ச் சரக்கு. எங்கள் வீட்டுக் கட்டில் இரும்பு. ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு எழுநூறு டாலர் என்று அட்டையில் போட்டிருந்தது. எங்கள் பணத்தில் மாற்றிப் பார்க்கத் தொடங்கி, உடம்புக்கு ஆகாது என்று பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

தின்சா விளக்கைப் போட்டாள். எரிந்தது. யாங்கோனில் மின்சாரம் போய்த் திரும்பும்போது தெருவே சேர்ந்து "மீ லாபி!" என்று கத்தும், வெளிச்சம் வந்துவிட்டது என்று. வள்ளியும் தின்சாவும் ஒரே குரலில் "மீ லாபி!" என்று கத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இங்க போறதே இல்ல அக்கா. எல்லாம் சூரிய வெளிச்சத்துல ஓடுது."

மனுஷன் குடியிருக்காத காட்டில் இருபத்துநாலு மணி நேரமும் மின்சாரம்! அதுவரை மூட்டமாக இருந்த பொறாமை அப்போதுதான் சரியாகப் பற்றிக்கொண்டது.

பிறகு வள்ளி விதிகளைச் சொன்னாள். வேலி கிடையாது, எந்த மிருகமும் வரும். கூடார வாசலின் ஜிப்பை எப்போதும் இழுத்து மூட வேண்டும். இருட்டிய பிறகு காவலாள் துணையில்லாமல் வெளியே கால் வைக்கக் கூடாது. "செருப்ப மட்டும் வெளிய விட்றாதீங்க. கழுதைப்புலிக்குத் தோலுன்னா உசுரு."

இரவுச் சாப்பாட்டில் இன்னொன்றைக் கவனித்தேன். என் மகள் வள்ளியிடம் தமிழில் பேசினாள். கொச்சையாக, தடுக்கித் தடுக்கித்தான். ஆனால் தமிழ். "சின்னம்மா, அந்தக் கொழம்பு கொஞ்சம் ஊத்துங்க. சின்னம்மா, ஒங்களுக்குப் பயமில்லையா?" இருபது வருடம் நான் வருந்தி வருந்திக் கூப்பிட்டும் வெளியே வராத தமிழ், ஒரு தட்டு ஆட்டுக்கறிக்கு முன்னால் தானாக வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் விடியும்போது, காபி கொண்டுவந்தவர் வெளியிலிருந்து தயங்கித் தயங்கி அழைத்தார். ஜிப்பைத் திறந்தேன். மரத்தளத்தில் என் செருப்பில் ஒன்றுதான் இருந்தது. இந்தப் பயணத்துக்கென்றே வாங்கிய, தோல் அடி வைத்த சிவப்பு வெல்வெட் செருப்பு. வள்ளி சொன்னது காதில் விழுந்திருந்தது. காலுக்குப் போய்ச் சேரவில்லை. வீடோ, கோயிலோ, பகோடாவோ, பல் வைத்தியர் அறையோ, வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகும் கால் இது. எழுநூறு டாலர் கம்பளத்தைப் பார்த்ததும் இன்னும் பயபக்தியோடு கழற்றியிருக்கிறது.

மகளின் செருப்பும் போயிற்றா என்று தேடினேன். அவள் கட்டிலுக்கு அடியில், ஒரு துண்டின் மேல், ஜோடியாக இருந்தது. எங்கள் வீட்டுப் பெண் செருப்பைக் கையில் எடுத்துவந்து தான் படுக்கும் இடத்துக்கு அடியில் வைத்திருக்கிறாள்!

"சின்னம்மா சொன்னாங்க இல்ல?" என்றாள் பர்மிய மொழியில், கண்ணைக் கசக்கிக்கொண்டே.

"நான் சொன்னத எத்தன நாள் கேட்டிருக்க?"

அவள் சிரித்தாள். நான் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் விருந்தாளியாக வரவில்லை, குடியிருக்க வந்திருக்கிறாள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. என்னிடம் கேட்பதுதான் பாக்கி.

காலில் போட ஒன்றும் இல்லாததால் வள்ளியின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். அது எனக்குக் கச்சிதமாகப் பொருந்தியது, அதுவும் எரிச்சலாக இருந்தது. ஒரு மணி நேரம் ஈரப் புல்லில் போன பிறகு, டேனியல் ஒரு புதரருகே வண்டியை நிறுத்தினார். இரண்டு பெண் சிங்கங்கள், ஐந்து குட்டிகள். இவ்வளவு பக்கத்தில் சிங்கத்தைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. மூச்சுவிடும்போது விலா ஏறி இறங்குவது தெரிந்தது. குட்டிகள் ஒரே சிங்கத்தின் மேல் விழுந்து பால் குடித்தன. மற்றது கால் நீட்டிப் படுத்திருந்தது.

"எது தாய்?" என்று கேட்டேன்.

"இரண்டுமே, அம்மா" என்றார் டேனியல், எனக்கும் புரிகிற எளிய ஆங்கிலத்தில். "அக்காவும் தங்கையும். எந்தக் குட்டி யாரிடம் வந்தாலும் பால் கொடுக்கும்."

இதையும் வள்ளி முன்கூட்டியே ஏற்பாடு செய்திருப்பாளோ என்று ஒரு கணம் சந்தேகமே வந்துவிட்டது. அவள் முன்சீட்டில் உட்கார்ந்து தொலைநோக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தின்சா மூச்சுவிடாமல் சிங்கத்தையே பார்த்தாள். யாங்கோனில் அவள் முகம் இவ்வளவு இளகி நான் பார்த்து வெகுநாள் ஆகிறது.

அன்று பிற்பகல் தின்சா சமையலறையைப் பார்க்கப் போயிருந்தாள். நானும் வள்ளியும் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தோம். கீழே நீர்யானைகள் காதை மட்டும் வெளியே காட்டி மிதந்தன.

"அக்கா, வந்ததுலேர்ந்து இங்க என்ன கொறன்னு தேடிக்கிட்டே இருக்க. கெடச்சுதா?"

"ஈ நெறைய இருக்கு."

"வேற?"

"செருப்பத் தூக்கிட்டுப் போவுது."

"ஒனக்கு என் மேல பொறாம."

"ஆமா" என்றேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? "விடிய விடிய வெளக்கு எரியுது, கூப்பிட்டா நாலு பேரு ஓடி வாராங்க. அதெல்லாம் போகட்டும். எம்புள்ள ஒங்கிட்ட தமிழ்ல பேசுது வள்ளி. அதான் எனக்குத் தாங்கல."

வள்ளி என் பக்கம் திரும்பினாள். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"பட்டுக்க. எவ்வளவு வேணுமோ பொறாமப் பட்டுக்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். என்னத் திட்டணுமா, திட்டு. புள்ளய மட்டும் இங்க விட்டுட்டுப் போ. அங்க என்ன நடக்குதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். எங்கள் தெருவிலேயே எத்தனை வீட்டுப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கக் கூடாமல் இருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. நீர்யானைகளுக்கு முன்னால் அழ வெட்கப்பட்டு, ஈயை விரட்டுவதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அந்தி மயங்கும் நேரத்தில் தின்சா கூடாரத்துக்கு வந்து என் கட்டிலில், காலருகே உட்கார்ந்தாள். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் பழகிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அமே, நா இங்கயே இருக்கட்டா?"

அமே என்றால் பர்மிய மொழியில் அம்மா. மற்றதைத் தமிழில் கேட்டாள். என்னிடம், தமிழில். நான் "நே" என்றேன். பர்மிய மொழியில் இரு என்று பொருள். தமிழில் சொல்லியிருந்தால் குரல் உடைந்திருக்கும். அவள் என் மடியில் தலை வைத்துக்கொண்டாள். வெளியே காவலாள் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போக வந்து காத்திருந்தார். அவரைக் கொஞ்ச நேரம் காக்க வைத்தோம்.

மூன்றாம் நாள் காலை எட்டரை மணிக்குக் குட்டி விமானம். அது வரும்போது புது விருந்தாளிகளைக் கொண்டுவரும், போகும்போது பழையவர்களை ஏற்றிக்கொள்ளும். என்ஜின் கூட முழுதாக நிற்காது. ஓடுதளத்தில் வள்ளி என்னைக் கட்டிக்கொண்டு, "பாத்துக்கறேன் அக்கா" என்றாள். தின்சா என் கையை விடவே இல்லை. விமானத்திலிருந்து வயதான வெள்ளைக்காரத் தம்பதி இறங்கத் தொடங்கியதும், வள்ளி அவள் தோளில் மெல்லத் தட்டினாள்.

"போம்மா, எறக்கிவிடு."

கையை விட்டுவிட்டுப் போனாள். ஏணியில் தடுமாறிய அந்த அம்மாளின் முழங்கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினாள். நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. கீழே, காற்றில் பறக்கப் பார்த்த அந்த அம்மாளின் தொப்பியைத் தின்சா பிடித்து, நாடாவை முகவாயின் கீழ் முடிச்சுப் போட்டாள். ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். பிறகுதான் திரும்பி என் ஜன்னலைத் தேடிக் கையை ஆட்டினாள்.

வள்ளி சற்றுத் தள்ளி ஜீப்பில் சாய்ந்து நின்றாள். அவள் மேல் இருந்த எரிச்சலெல்லாம் அடங்கியிருந்தது. இப்போது அந்தத் தொப்பிக்காரக் கிழவியைப் பார்த்துத்தான் வயிறு எரிந்தது. யார் பெற்றவளோ, எந்த ஊரோ, பணம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். நாளைக் காலையில் என் மகள் முகத்தில் விழிப்பாள்.