டிசெபோ பிடுங்கிய தகரம்

எங்கள் வளவில் டிசெபோவுக்கு அடுப்பு இன்ஸ்பெக்டர் என்று பெயர். வைத்தது நான்தான். குளிர்காலம் வந்துவிட்டால் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் ஒவ்வொரு அறைக் கதவையும் தட்டுவாள்.

"அடுப்பு வெளியவா, உள்ளயா?"

"வெளியதான் தாயே, நீ போய்த் தூங்கு."

"பொய் சொல்லாத. கதவுக்கடியில சூடு தெரியுது."

பிறகு அவளே உள்ளே நுழைந்து அடுப்பைக் கம்பியால் கோத்து இழுத்து வந்து முற்றத்தில் வைத்துவிடுவாள். திட்டாதவர்கள் இல்லை. நானும் திட்டியிருக்கிறேன்.

எங்கள் ஊர் ஹாரிஸ்மித்தின் குளிரில் தகர அறைக்குள் படுப்பது ஐஸ் பெட்டிக்குள் படுப்பது மாதிரி. வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கிடைக்கும் ஒரே சூடு, ஓட்டை போட்ட பெயின்ட் டப்பாவில் எரியும் நிலக்கரிதான். இம்பாவுலா என்போம். முற்றத்தில் பற்றவைத்து, கரும்புகை எல்லாம் அடங்கிக் கனல் சிவந்ததும் உள்ளே கொண்டுபோவோம். புகை போய்விட்டால் கெடுதலும் போய்விட்டது என்பது எங்கள் எல்லோருடைய கணக்கு. டிசெபோவின் தங்கையும் அவள் புருஷனும் அந்தக் கணக்கை நம்பித்தான் வேறோர் ஊரில், வாடகை அறையில் செத்துப்போனார்கள்.

"அந்த ரூம்ல ஒரு பொட்டுப் புகை இல்ல. மணம்கூட இல்ல. தூங்குற மாதிரியே கெடந்தாங்க. நான் எழுப்பினேன்" என்று ஒருமுறை சொன்னாள்.

கனலை உள்ளே விடாதவள் சூட்டுக்கு என்ன செய்வாள்? செங்கல். முற்றத்து அடுப்பின் மேல் செங்கல்லை அடுக்கிச் சூடேற்றி, பழைய கம்பளித் துணியில் சுற்றிப் போர்வைக்குள் வைத்துக்கொள்வாள். யார் கேட்டாலும் கொடுப்பாள். கேட்காதவர்கள் வாசலிலும் வைத்துவிட்டுப் போவாள்.

அந்த வருஷம் வளவுக்காரர் மொலெஃபே பின்பக்கம் புது அறை ஒன்று கட்டினார். உள்சுவர் முழுக்க மெத்தைப் பஞ்சு, அதன்மேல் பிளாஸ்டிக் தாள், இடுக்கெல்லாம் காகித அடைப்பு. "எறும்புகூட நுழையாது" என்று பெருமையடித்தார்.

"எறும்பு நுழையாட்டி காத்தும் நுழையாது. மேல ஒரு கை அகலம் ஓட்டை விடுங்கய்யா" என்றாள் டிசெபோ.

"குளிருக்கு ஓட்டை போட்ட ரூமுக்கு எந்த மடையன் வாடகை குடுப்பான்? போம்மா, உன் செங்கல்லப் பாரு."

அந்த அறைக்கு லினேயோ வந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புருஷனுக்கு வெளியூரில் லாரி வேலை. எங்கள் ஊரில் நடுக்குளிரான ஜூலை மாதம் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மாமியார் மாதெபோ துணைக்கு வந்தாள். எங்களில் பிள்ளை பெற்றவள் அறைக்குள் வெளியாள் நுழையக் கூடாது. அதிலும் துக்கத்தில் இருப்பவள் வாசற்படியையே மிதிக்கக் கூடாது, பிள்ளைக்கு ஆகாது. டிசெபோவோ அந்த மார்ச்சில்தான் புருஷனைப் புதைத்துவிட்டு ஒரு வருஷத் துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தியிருந்தாள். அதனால் அந்த ஒரு கதவை மட்டும் அவளால் தட்ட முடியவில்லை. தூர நின்று கத்துவாள்.

"மாதெபோக்கா, அடுப்பை வெளிய வைங்க!"

"பச்சப்புள்ள வெறைச்சுச் சாகவா? உன் கறுப்பையும் உன் வாயையும் அந்தப் பக்கம் கொண்டுபோ."

ஞாயிற்றுக்கிழமை மதியம். மலையில் பனி விழுந்து காற்று வெட்டிக்கொண்டிருந்தது. குழாயடியில் மாதெபோ வாளியோடு நின்றாள். "பொண்ணுக்குக் காலைலேர்ந்து தலவலி, ரெண்டு தடவ வாந்தி. பெத்த ஒடம்பு, அப்பிடித்தான் இருக்கும்" என்று யாரிடமோ சொன்னாள். டிசெபோ தன் வாளியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. படிக்கு இந்தப் பக்கமே நின்று கூப்பிட்டாள். "லினேயோ! ஏ லினேயோ!" பதில் இல்லை. பிள்ளைச் சத்தமும் இல்லை.

"படிய மிதிக்காத! எம்பேரனுக்கு ஏதாவது ஆச்சு..." என்று மாதெபோ பின்னாலேயே அலறிக்கொண்டு வந்தாள்.

டிசெபோ படியை மிதிக்கவில்லை. சுற்றிக்கொண்டு பின்சுவருக்குப் போனாள். "என்னடா வேடிக்க பாக்குற? கடப்பாறை எடு!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். கொடுத்ததும் என்னை நெம்ப விடவில்லை, அவளே வாங்கி நெம்பினாள். ஆணிகள் தெறித்தன, தகரம் ஆள் உயரத்துக்குப் பிரிந்து விழுந்தது. பஞ்சையும் பிளாஸ்டிக்கையும் கையாலேயே கிழித்தாள். உள்ளே கனல் அழகாகச் சிவந்திருந்தது. பக்கத்தில் லினேயோ வாய் திறந்து கிடந்தாள். மார்மேல் பிள்ளை.

"நான் உள்ள வரல. நீங்க போய்த் தூக்குங்க. சீக்கிரம்!"

மாதெபோ அந்த ஓட்டை வழியாகவே பாய்ந்தாள். நானும் முறை பார்க்காமல் நுழைந்து லினேயோவை இழுத்து வந்தேன். பிள்ளை துணி மாதிரி தொங்கியது. மாதெபோ அதன் முதுகைத் தேய்த்தாள், முகத்தில் ஊதினாள். பனிக்காற்று மேலே பட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு சின்னத் தும்மல், அப்புறம் அழுகை. அதற்கு முன்னும் பின்னும் ஓர் அழுகை எனக்கு அவ்வளவு இனித்ததில்லை. லினேயோ வாந்தியெடுத்துக்கொண்டே கண் திறந்தாள். பக்கத்து வீட்டுக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டு உயிரும் திரும்பி வந்தன.

"மாதெபோக்கா உள்ள போகாம நின்னுருந்தா?" என்று அப்புறம் ஒருநாள் டிசெபோவிடம் கேட்டேன்.

"நான் போயிருப்பேன். கறுப்புத் துணி என்ன பெரிய துணி?" என்றாள்.

மொலெஃபே வந்து சுவரைப் பார்த்துக் குதித்தார். "எவடி பிச்சது? ரூமக் காலி பண்ணு!"

"பண்றேன். அதுக்கு முன்னாடி நீங்க இந்த ஓட்டைய அடைச்சு, அடுப்போட கதவச் சாத்திக்கிட்டு உள்ள உக்காருங்க. சாயங்காலம் நான் வந்து தட்டுறேன். பதில் சொன்னீங்கன்னா மூட்டையக் கட்டுறேன்."

மொலெஃபே தகரத்தைத் திரும்ப அடித்தார், மேலே ஒரு கை அகலம், கீழே ஒரு கை அகலம் விட்டு. அடுத்த வாரம் என் அறையிலும் அப்படியே வெட்டினார். காற்று வந்தது, நான் முணுமுணுத்துக்கொண்டே டிசெபோவிடம் சூட்டுச் செங்கல் வாங்கப் போனேன்.

மார்ச் வந்ததும் டிசெபோவின் கறுப்பைக் களைந்தார்கள். தலையில் தண்ணீர் ஊற்றி, நீலப் பூப்போட்ட புது உடை போட்டு உட்காரவைத்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாதெபோ வந்தாள். இடுப்பில் கொழுகொழுவென்று பேரன்.

"மொதல்ல இவனப் புடி. அப்புறம்தான் மத்தவங்க" என்று டிசெபோவின் மடியில் உட்காரவைத்தாள்.

கத்துவதற்கே பிறந்தவள் என்று நான் கேலி செய்த டிசெபோ அவனை மெல்ல இழுத்து அணைத்துக்கொண்டாள். பிள்ளையின் மார்மேல் காதை வைத்து மூச்சைக் கேட்டாள். வெகு நேரம் கேட்டாள்.