சீனிச்சாமி பாதி கொத்திய கோதா

சீனிச்சாமி போய்விட்டான். நேற்றுக் காலை, கெங்குவார்பட்டியில், அவன் மகன் வீட்டில். வயது தொண்ணூறைத் தாண்டியிருக்கும்... அவனுக்கே சரியாகத் தெரியாது.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து இதை டேப்லெட்டில் டைப் செய்கிறேன். எண்பத்தெட்டு வயது விரல், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் வேறு இருக்கிறேன்.

பந்தலில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். "பெரிசு அந்தக் காலத்துல குஸ்தி கம்பெனியில இருந்தாகளாம். கோதாவச் சரியாக் கொத்தாம ஒரு பயில்வான் தோள ஒடிச்சுப்புட்டாகளாம்ல."

அவருக்கு அவர் அப்பா சொன்னதாம். அவர் அப்பாவுக்குச் சொன்னது யார்? நான்தான். தகரக் குழாயை வாயில் வைத்து ஒரு கூட்டத்துக்கே சொன்னேன். நேற்றும் அதை மறுக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

சுதந்திரம் வந்து பத்து வருடம் இருக்கும். தேனி, போடி, சின்னமனூர், கம்பம் என்று ஊர் ஊராகப் போய் குஸ்திப் போட்டி நடத்தும் சின்னக் கம்பெனி. நான் அறிவிப்பாளன். கோதா போடுவது சீனி.

கோதா என்றால் பயில்வான்கள் மோதும் மண் களம். செம்மண்ணைச் சலித்து, நல்லெண்ணெயும் மஞ்சளும் கலந்து, ஆழக் கொத்திப் பொலபொலவென்று வைக்க வேண்டும்.

அவனோடு வேலை பார்ப்பது பெரிய இம்சை. கம்பம் வயல் மண் ஒட்டும் என்பான், போடி மண்ணில் கல் என்பான். தன் செம்மண்ணை மூட்டை மூட்டையாக மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவான். எங்களுக்கு வண்டியில் இடம் இருக்காது. பின்னால் நடப்போம், திட்டிக்கொண்டே.

போட்டிக்கு முன்னால் அவனே உள்ளே இறங்கி, நாலு தடவை மல்லாக்க விழுந்து பார்ப்பான். வெளியே ஜனம் கத்திக்கொண்டிருக்கும்.

"டேய், விழுகப் போறவன் பயில்வான்டா, நீ இல்ல."

"அவனுக்கும் எலும்புதான இருக்கு" என்பான். இன்னொரு தடவை விழுவான்.

பெரியகுளத்தில் ஒரு மாந்தோப்பை ஒட்டி, தட்டி அடைத்து, ஞாயிறு மதியம் போட்டி. முந்தின நாள் நல்ல மழை, காலையில் சுள்ளென்று வெயில். கோதா இறுகிப்போய்க் கட்டாந்தரை மாதிரி கிடந்தது.

சீனி மறுபடி கொத்த ஆரம்பித்தான். பாதி முடித்திருப்பான், மேனேஜர் வந்துவிட்டார்.

"ஏலே சீனி, போதும். ஏறு."

"இன்னும் ஒரு மணி நேரம் குடுங்கய்யா. அங்கன பாதி கல்லு மாதிரி கெடக்கு."

"தட்டியப் பிச்சுருவாய்ங்க. ஏறுங்கிறேன்ல."

அவன் ஏறவில்லை. மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்துவிட்டான். நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கித் தட்டிக்கு வெளியே விட்டார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளுக்குள், ஒருவழியாக ஆரம்பிக்கலாம் என்று நிம்மதி வேறு.

முதல் போட்டி. மதுரைப் பக்கமிருந்து வந்த பயில்வான், கொத்தாத பாதியில் போய் விழுந்தார். தோள் முறிந்த சத்தம் நான் நின்ற இடம் வரைக்கும் கேட்டது.

கூட்டம் எழுந்துவிட்டது. மேனேஜர் என் காதில் சொன்னார்: "கோதாக்காரன் அசட்டையா இருந்துட்டான்னு சொல்லு. இல்லேன்னா இங்கனருந்து ஒருத்தரும் முழுசாப் போக முடியாது."

சொன்னேன். சீனிச்சாமி என்ற பெயரையும் சேர்த்துச் சொன்னேன். பெயரைச் சொல் என்று அவர் கேட்கக்கூட இல்லை... பயத்தில் வந்துவிட்டது.

தட்டிக்கு அந்தப் பக்கம் அவன் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அதனால் இங்கே எழுதுகிறேன், தெரிந்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சீனிச்சாமி சரியாகத்தான் கொத்தினான். முடிக்க விடாதது நாங்கள். பொய் சொன்னது நான்.

அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் அவனைச் சேர்க்கவில்லை. மேகமலை எஸ்டேட்டுக்குப் போய்ப் பல வருடம் ஏலக்காய் மூட்டை சுமந்தான்.

இறங்கி வந்தபின் என்னோடு பழகத்தான் செய்தான். என் வீட்டுக் கல்யாணங்களுக்கு முதல் ஆளாக வருவான். நான் அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும், "காப்பி ஆறுது, குடி" என்பான். இல்லையென்றால், "பஸ்ஸு வந்துருச்சு, ஏறு."

திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருக்கலாம். ஒன்றும் செய்யாமல் இத்தனை வருடம் என்னை அப்படியே வைத்திருந்தான், பாவி.

போன மாதம் பார்க்கப் போனேன். காது போய்விட்டது. மருமகள் பேசினால் மட்டும் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். இந்தத் தடவை விடக் கூடாது என்று கட்டிலோரம் குனிந்து கத்தினேன்.

"சீனி, அன்னைக்கு உன் மேல தப்பில்லடா. நான்தான் பொய் சொன்னேன்."

அவன் மருமகளைப் பார்த்தான். "என்ன ஆத்தா சொல்றான்?"

அந்தப் பெண் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்துக்கு நேரே குனிந்து, "நல்லா இருக்கீகளான்னு கேக்குறாக மாமா" என்றாள்.

"இருக்கேன்னு சொல்லு."

போய்ட்டு வா, சீனி.